பேரைப் பிடித்துக்கொண்டு போங்கள்: யாரும் கேட்காத இசையைத் தேட கோலாலம்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து போகும் தம்பிகள் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த மாதிரி பாட்டெல்லாம் எங்கேர்ந்துண்ணே புடிக்கிறீங்க?” ராகா, மின்னல் வானொலிகளில் வராத பாட்டு. யூடியூப் தானாகக் கொண்டுவந்து நீட்டாது. பாதி நேரம் அதில் பாடுகிறவரே இருக்க மாட்டார். இத்தனை நாள் மாமாக் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் ஆறிப்போகும் வரை வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

எந்த இசையைச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தன் அறையில் தன் காசில் செய்து, 50 கேசட்டோ 200 இசைத்தட்டோ போட்டு விற்கிறவர்களின் இசை. அதில் நிறைய மின்னணு இசை. சிந்தசைசர், டிரம் மெஷின், மடிக்கணினி இவற்றில் பிறப்பது. டெக்னோ, ஆம்பியண்ட், நாய்ஸ் என்று அதற்குள் நூறு பிரிவுகள் உண்டு. பிரிவுப் பெயர்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பெயர் தெரியாமல்தான் நானும் இரண்டு வருஷம் கேட்டேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

காதுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ‘கேட்டே ஆகவேண்டிய 100 ஆல்பங்கள்’ மாதிரிப் பட்டியலை எடுத்து ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிப்பார்கள். நாலாவதில் தூக்கம் வந்துவிடும். அதைவிட, உங்கள் காது ஏற்கெனவே பழகிய ஒரு ஒலியைப் பிடித்துக்கொள்வது நல்லது. நமக்கு அப்படி ஒன்று இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ நின்றவர்களுக்கு உறுமியைத் தெரியாமல் இருக்காது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ‘ஊம்ம்’ என்று வழுக்கிக்கொண்டே போய் வயிற்றில் இறங்கும் ஒலி. மின்னணு இசையில் பேஸ் என்ற அடித்தொனி வழுக்குவதைக் கேட்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். இங்கிலாந்துத் தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ.வின் ‘காலா’ ஆல்பம் 2007-இல் வந்தது. அதில் ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டைப் போட்டுப் பாருங்கள், உறுமியை நேராகவே கேட்கலாம். அந்த வாசலில் நுழைந்தால் மிரட்சி இருக்காது.

இன்னொரு வாசல், சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 என்ற மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த டிபி-303 என்ற பெட்டியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிப்பதற்காகச் செய்தார்கள். போணியாகவில்லை, உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். மலிவு விலைக்குக் கைமாறிய அந்தப் பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகி, 1987-இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையே அதிலிருந்து கிளம்பியது. சரண்ஜித் சிங்கின் தட்டை 2010-இல் பாம்பே கனெக்ஷன் என்ற டச்சு லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்) மறுபடி வெளியிட்டபோதுதான், அதே பெட்டியில் கிட்டத்தட்ட அதே ஒலியை இவர் ஐந்து வருஷம் முன்பே வாசித்து வைத்திருப்பது வெளியே தெரிந்தது. அவர் 2015-இல் காலமானார். கடைசிக் காலத்திலாவது பேர் கிடைத்தது.

அந்தத் தட்டில் பூபாலி என்று போட்டிருப்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் என்பது இந்தோளம். கலாவதி, வலஜி. வீட்டில் அம்மா முணுமுணுக்கும் ராகம் இயந்திரத்தின் தாளத்தில் ஓடும்போது, ‘இது நமக்கு ஆகாது’ என்ற எண்ணம் போய்விடும்.

கேட்பது பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்காதீர்கள். அதில் பேஸ் வரவே வராது, பாட்டின் பாதி அங்கேதான் இருக்கும். 40 வெள்ளி (ரிங்கிட்) ஹெட்ஃபோன் போதும். அப்புறம், ஒரு தடவை கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்ஆர்டி ரயிலில் ஒரு தடவை, ராத்திரி விளக்கணைத்து ஒரு தடவை. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் பாவமில்லை.

அடுத்தது, பேரைப் பிடிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு பாட்டு பிடித்துப்போனால் அதே மாதிரி இன்னொன்றைக் கொடு என்று செயலியைக் கேட்காதீர்கள். கேட்டால் அதே மாதிரிதான் கொடுக்கும், அதுதான் சிக்கல். என் அப்பா கேசட் வாங்கினால் முதலில் உள்ளட்டையை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தில் இருக்கும் பேர்களைப் படிப்பார். யார் வயலின், யார் ஒலிப்பதிவு, எந்த ஸ்டுடியோ எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கேசட் டேப்பிற்குள் போகும். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே பயன்படுத்தப் போகிறோம்.

ஒரு உதாரணம் நடந்து காட்டுகிறேன். பியோர்க் ஊரறிந்த ஐஸ்லாந்துப் பாடகி. 2022-இல் அவருடைய ‘ஃபோசோரா’ ஆல்பம் வந்தது. பாடல் விவரங்களில் காசிமின் என்று ஒரு பேர் வரும். யார் இவர்? பாலித் தீவுக்காரர், கேபர் மோடஸ் ஓபராண்டி என்ற இருவர் குழுவில் ஒருவர். தலை தெறிக்கும் வேகத்தில் ஓடும் டச்சு கேபர் தாளத்தோடு இந்தோனேசியக் கிராமத்துச் சாமியாட்ட இசையைக் கலந்து அடிக்கும் குழு. அவர்களுடைய ‘ஹோக்ஸ்யா’ 2019-இல் சப்கல்ட் என்ற லேபிளில் வந்தது. சப்கல்ட் ஷாங்காயில் தொடங்கிய லேபிள். (தேடும்போது பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பேரில் ‘யு’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘வி’ போட்டு SVBKVLT என்று எழுதுவார்கள். இந்த உலகத்தில் பாதிப் பேருக்கு ஒழுங்காக எழுத்துக்கூட்டிப் பேர் வைப்பது பிடிக்காது.) அந்த லேபிளின் பக்கத்தைத் திறந்தால் ஆசியா முழுவதிலிருந்தும் இன்னும் முப்பது நாற்பது பேர். ஐஸ்லாந்தில் புறப்பட்டு மூன்றே பேரில் நம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். எந்தப் பரிந்துரையும் இந்த வழியில் கூட்டிக்கொண்டு வந்திருக்காது.

இதற்கு இரண்டு கருவிகள் போதும். ஒன்று டிஸ்காக்ஸ். 2000-இல் மின்னணு இசைத்தட்டுகளைப் பட்டியலிடுவதற்காகவே தொடங்கிய தளம், பிறகு எல்லா இசைக்கும் விரிந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் லேபிள், வரிசை எண், வாசித்தவர், கலவை செய்தவர், அட்டை வரைந்தவர் எல்லாம் இருக்கும். எந்தப் பேரைத் தொட்டாலும் அந்த ஆள் செய்த மற்றவை வந்து நிற்கும். லேபிளின் பேரைத் தொட்டு, வெளியீடுகளை ஆண்டு வரிசையில் கீழிருந்து மேலே பாருங்கள். சின்ன லேபிள்களில் முதல் ஐந்து வெளியீடுகள்தான் அநேகமாக உயிரைக் கொடுத்துச் செய்தவையாக இருக்கும். இது என் அபிப்பிராயம்.

இன்னொன்று பேண்ட்கேம்ப், கலைஞர்கள் தங்கள் இசையைத் தாங்களே விற்கும் தளம். ஆல்பத்தின் பக்கத்தில் சின்னச் சின்ன முகப்படங்கள் வரிசையாக இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். ஒரு முகத்தைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற எல்லாமும் தெரியும். உங்களுக்குப் பிடித்த மூன்று அபூர்வ ஆல்பங்களையும் வாங்கி வைத்திருக்கும் ஒரு ஆள் எங்கோ போலந்திலோ பெருவிலோ இருப்பார். அவரைப் பின்தொடருங்கள். முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் ரசனையை நம்பி நான் வாங்கியவை என் அலமாரியில் கால்வாசி இருக்கும். பக்கத்தின் அடியில் குறிச்சொற்கள் இருக்கும். அதில் வகைப் பேரை விட்டுவிட்டு ஊர்ப் பேரைத் தொடுங்கள். கோலாலம்பூர், பினாங்கு, யோக்யகார்த்தா, மணிலா. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வானொலி பிடிக்குமென்றால் லண்டனின் என்டிஎஸ். 2011-இலிருந்து ஓடுகிறது, விளம்பரம் கிடையாது, பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் பாட்டுப் பட்டியலோடு சேமிப்பில் இருக்கும். கலைஞர்கள் தங்கள் பாட்டை ஏற்றிவைக்கும் சவுண்ட்கிளவுடில் பாட்டைவிட, அந்தக் கலைஞர் யார் யாருக்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த ஒரு பாட்டுக்கு மூன்று பேர்: செய்தவர், வெளியிட்டவர், கூட இருந்தவர். பழைய பள்ளி நோட்டே போதும். கைப்பேசியில் எழுதினால் மறந்துவிடுகிறது, ஏனோ.

ஊருக்குள்ளே

வீட்டில் உட்கார்ந்து தேடுவது பாதி வேலை. சனிக்கிழமை ஒன்றை ஒதுக்குங்கள்.

பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மால், தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் பக்கம். வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும், பழைய இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக இருக்கும். தட்டைப் பார்க்கும் முறை உண்டு. உறையிலிருந்து உருவும்போது விரல் விளிம்பிலும் நடுக் காகிதத்திலும் மட்டும் படவேண்டும். மேலே விளக்கு இருக்கும் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் மயிரிழை போல மின்னும். நகத்தை வைத்து லேசாகத் தடவும்போது நகம் தட்டினால் அது பாட்டிலும் தட்டும், வேண்டாம். தட்டின் கடைசியில், பாட்டு முடிந்து காகிதம் தொடங்கும் அந்த வெறும் வளையத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதை டிஸ்காக்ஸில் போட்டால் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு கடைக்கார அங்கிள் ஒருநாள் ரொம்ப நேரம் கவனித்துவிட்டு, “தம்பி, பொண்ணு பார்க்க வந்தாகூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க” என்றார். 12 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கம்போங் அத்தாப்பில் சோங்ஷான் கட்டடம், மஹாராஜாலேலா மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகலாம். 1950-களின் பழைய கட்டடம், உள்ளே ஓவியக்கூடம், புத்தகம், அச்சு என்று சின்னச் சின்ன அறைகள். தண்டாங் என்ற இசைத்தட்டுக் கடையும் அங்கேதான். உள்ளூர்க் குழுக்களின் கேசட்டுகளைப் பார்க்க அங்கே போங்கள். போவதற்கு முன் அவர்கள் இன்ஸ்டகிராமில் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘கிளெக்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லும் கோலாலம்பூர் சோதனைத் திரைப்பட, வீடியோ, இசை விழா 2010-இல் தொடங்கியது. உள்ளூர்க்காரரான யோங் யான்ட்சனின் சாக்ஸபோனை ஒரு தடவை நேரில் கேட்டவர்கள் அப்புறம் சாக்ஸபோன் என்றால் கல்யாண வரவேற்பு என்று நினைக்க மாட்டார்கள். கோ லீ குவாங் நடத்தும் ஹெர்பல் இன்டர்நேஷனல் என்ற லேபிளையும் தேடிப் பாருங்கள், ஆனால் பொறுமை வேண்டும். ‘பாட்டு எப்போ ஆரம்பிக்கும்’ என்று கேட்டால் ஏற்கெனவே முடிந்திருக்கும். மென்மையாக வேண்டுமென்றால் ஃப்ளீகா. கோலாலம்பூரின் யூசெங் செத்தோ தனியாளாகச் செய்வது, மழை நாளுக்கு ஏற்றது.

பினாங்குக்காரர்களுக்கு லோரோங் கூலிட் காலைச் சந்தை இருக்கிறது, சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில். ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்து பணிமனையைக் கலைக்கூடமாக்கிய ஹின் பஸ் டிப்போ இருக்கிறது, ஞாயிறன்று அங்கேயும் சந்தை.

சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போவதென்றால் ரொக்கம் எடுத்துப் போங்கள், காதடைப்பான் எடுத்துப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கும். தமிழ் முகம் நான் ஒருவன்தான் இருப்பேன் பல தடவை. மூன்றாவது நிகழ்ச்சியில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், அதுவரை தாங்குங்கள்.

காசு

கேட்பது இலவசம், சரி. ஆனால் பிடித்ததில் ஒன்றையாவது வாங்குங்கள். ஸ்பாட்டிஃபை 2024-லிருந்து, பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு உரிமைத்தொகை கொடுப்பதில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆட்களில் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும், கேசட், சட்டை போன்ற பொருட்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்ளும். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி செய்தவருக்கு. 2020 மார்ச் 20-இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். எந்தெந்த வெள்ளி என்று அவர்களே அறிவிப்பார்கள். அது அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதை மறக்காதீர்கள். நமக்கு வெள்ளி மாலை மூன்று மணிக்குத் தொடங்கி சனி மாலை மூன்று வரை. அங்கே குளிர்காலமானால் நாலு மணி. வெள்ளி காலையிலேயே வாங்கிவிட்டுப் புண்ணியம் சேர்த்ததாக நினைத்தவன் நான்.

காசே இல்லாத மாதமும் வரும். இந்தோனேசியாவின் யெஸ் நோ வேவ் 2007-லிருந்து முறையாகவே இலவசமாகத் தரவிறக்கக் கொடுக்கும் இணைய லேபிள். வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளலாம்.

பகிர்வது

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லவேண்டும். சில வருஷம் முன்பு கிள்ளான் பக்கத்துப் பையன் ஒருவர் வீட்டில் செய்த கேசட், மொத்தமே 50 பிரதி. வாங்கி வந்து, மாற்றி, எம்பி3 ஆக்கி, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நல்லெண்ணம்தான். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. மூன்று மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் அவரைப் பார்த்தேன். அவருடைய சித்தப்பா மகன் அந்தப் பாட்டை அவருக்கே அனுப்பி, “யாருன்னு தெரியல, செமயா இருக்கு” என்று எழுதியிருக்கிறார். கோப்பின் பெயர் ‘டிராக் 01’. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “போட்டது பரவாயில்லண்ணே. பேரையாவது போட்டிருக்கலாம்” என்றார்.

அன்றிலிருந்து என் முறை இது. கோப்பை அனுப்புவதில்லை, செய்தவரின் சொந்தப் பக்கத்து இணைப்பைத்தான் அனுப்புகிறேன். கூடவே பேர், ஊர், எங்கிருந்து கேட்கத் தொடங்கவேண்டும் என்று மூன்று வரி. ‘சூப்பர் பாட்டு, கேளுங்க’ என்று அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துபோகும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: ‘செஞ்யாவா. யோக்யகார்த்தாக்காரங்க, ரெண்டு பேர். ஒருத்தர் தானே செஞ்ச வாத்தியத்தை வாசிக்கிறார், இன்னொருத்தர் தொண்டையாலேயே எல்லாம் பண்றார். முதல் பாட்டுல ரெண்டு நிமிஷம் பொறுங்க.’ இதற்குப் பதில் வரும்.

செஞ்யாவாவைச் சும்மா சொல்லவில்லை. 2021-இல் ‘அல்கிசா’ ஆல்பத்தை ஒரே கம்பெனிக்குக் கொடுக்காமல் உலகமெங்கும் 44 சின்ன லேபிள்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊரில், தங்கள் அட்டையோடு வெளியிட்டார்கள்.

பல பாட்டுகளைக் கோத்து ஒரு மணி நேரத் தொகுப்பாகப் போட ஆசை வந்தால் மிக்ஸ்கிளவுடில் போடுங்கள். அங்கே உரிமைத்தொகைக்கு ஏற்பாடு உண்டு. பாட்டுப் பட்டியலை முழுசாக எழுதுங்கள். ‘பேர் சொல்ல மாட்டேன், ரகசியம்’ என்று திரியும் டிஜேக்களை எனக்குப் பிடிக்காது. அவர்களும் யாரிடமிருந்தோ கேட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள்?

கடைசியாக, வீட்டுக்கு ஆள் கூப்பிடுங்கள். நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாறு பேர் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு, பத்து நிமிஷத்துக்குள். பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது, கைப்பேசிகள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் அடுக்கப்படும். முடிந்த பிறகு கொண்டுவந்தவர் ஒரு துண்டுச் சீட்டில் பேரும் ஊரும் லேபிளும் எழுதித் தரவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பேஸைக் குறைத்துவிடுவோம். அப்படியும் போன தடவை எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். திட்டத்தான் வருகிறார் என்று ஒலியை அணைத்துவிட்டேன். “இல்ல, அந்த ரெண்டாவதா ஓடுச்சே, உறுமி மாதிரி, அது யாரு?” என்று கேட்டார். சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.